தறி ஓடும் வீட்டில் குறட்டை

இந்தக் காது பரிசோதனை அறையில் என் இடத்துக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை. ஆறு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மேல்படிப்புக்காக மைசூர் போகிறேன், அவ்வளவுதான். கருவிகளை எப்படி இயக்குவது என்பது அவற்றோடு வந்த புத்தகங்களில் இருக்கிறது. அலமாரியில் இரண்டாவது தட்டு. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. முதல் வாரத்திலேயே நீங்கள் கேட்கப்போகும் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி வைக்கிறேன்.

மூக்கடைப்போடு வரும் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்பதற்கு ஒரு தாள் வைத்திருக்கிறோம். அதில் ஐந்தாவது கேள்வி, 'குழந்தை குறட்டை விடுகிறதா?' அதற்கு முன்னால் நான்காவதாக, 'குழந்தை தூங்கும் இடத்தில் என்ன சத்தம் இருக்கும்?' என்று ஒன்று இருக்கும். அது எதற்கு என்று பயிற்சிக்கு வந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது விஷயம், ஒலி புகாத சிற்றறைக்குள் குழந்தை உட்காரும் நாற்காலி, நாம் இருக்கும் கண்ணாடிப் பக்கம் முதுகு காட்டிப் போடப்பட்டிருப்பது. மற்ற இடங்களில் இப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒரே குடும்பம். தொண்ணூற்றைந்தாம் வருடம் சோமனூரிலிருந்து வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். அந்தத் தாளில் அப்போது பதினொரு கேள்விகள். நானே யோசித்து, வரிசைப்படுத்தி, டைப் அடித்து, நகல் எடுத்து வைத்தது. எதையும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழந்தைக்கு ஆறு வயது. சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். வாய் திறந்தே இருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. மெலிந்த கை. அப்பாவும் அம்மாவும் வீட்டை ஒட்டிய குடோனில் எட்டு விசைத்தறிகள் வைத்து, தாங்களே ஓட்டுகிறவர்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் புகார் சொல்லியிருந்தார்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, வகுப்பில் தூங்கி விழுகிறாள், இப்படியே போனால் இன்னொரு வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்க வேண்டியிருக்கும். பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்து, மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது என்று எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார்.

அந்தச் சதைதான் அடினாய்டு. உள்நாக்குக்கும் மேலே, வாயைத் திறந்து டார்ச் அடித்தாலும் தெரியாத இடத்தில் இருக்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை பெரிதாகி, பத்துப் பன்னிரண்டு வயதில் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும். பெரிதாக இருக்கிறது என்பதாலேயே எடுக்க வேண்டியதில்லை. தானே சுருங்கும் என்பதாலேயே விட்டுவிடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் வேலை. டாக்டர் முடிவெடுப்பது பாதி நம் தாளைப் பார்த்து என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்திருந்தேன்.

கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். சளி அடிக்கடி பிடிக்குமா, காது வலி என்று அழுததுண்டா, சாப்பாடு எப்படி. குறட்டை விடுகிறாளா என்றதற்கு அம்மா யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் இல்லீங்க." அப்பாவும் தலையாட்டினார். காது கேட்பதில் சந்தேகம் உண்டா என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காது கேக்காம என்னங்க. எட்டுத் தறியும் ஓடும்போது அந்தக் கோடியில நின்னு கூப்பிட்டாலே இந்தக் கோடியில திரும்பிப் பாக்குமுங்க. டீச்சரு சத்தமாப் பேசறதில்லையோ என்னமோ."

குறட்டை: இல்லை. வீட்டில் கேட்கும் திறன்: நன்று. இரண்டு கட்டங்களிலும் குறித்தேன்.

பிறகு பரிசோதனை. குழந்தைகளுக்கு நாம் வைக்கும் அதே விளையாட்டுதான். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சுகந்தி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அசையாமல், சிணுங்காமல், ஒரு தடவை கூடக் கவனம் சிதறாமல் மணிகளைப் போட்டாள். அந்த வருடம் நான் சோதித்த குழந்தைகளில் அவ்வளவு சமத்தான குழந்தை வேறு இல்லை. மிக மெல்லிய ஒலிக்கும் மணி விழுந்தது. காது நன்றாக இருக்கிறது என்று வரைபடம் சொன்னது.

அடுத்த கருவி அதை மறுத்தது. செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் கருவி. அதில் கோடு மேடாக எழும்பி இறங்க வேண்டும். இரண்டு காதிலும் தட்டையாக ஓடியது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால்தான் இப்படி வரும். நீர் கோத்திருந்தால் மெல்லிய சத்தம் கேட்கக் கூடாது. ஆனால் கேட்கிறதே.

கருவியைச் சந்தேகப்பட்டேன். என் காதில் வைத்துப் பார்த்தேன், சரியாக எழும்பியது. நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தேன், சரி. மறுபடி சுகந்தி காதில் வைத்தேன், தட்டை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். கடைசியில், 'கேட்கும் திறன் இயல்பு. அண்மையில் வந்த சளியால் செவிப்பறை அசைவு குறைந்திருக்கலாம்' என்று எழுதினேன். குழப்பம் தீரவில்லை. ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு விஷயங்களை ஒரே வாக்கியத்தில் அழகாக அடுக்கிவிட்டால், புரிந்துவிட்டது போல இருக்கும்.

எங்கள் டாக்டரம்மா தாளைப் படித்தார். மூச்சுத் திணறல் இல்லை, குறட்டை இல்லை, காது கேட்கிறது. எக்ஸ்ரேயில் சதை பெரிதாகத் தெரிந்தது. ஆனால் எடுக்கும்போது குழந்தை அழுதாலோ எச்சில் விழுங்கினாலோ கூட அப்படித் தெரியும். எக்ஸ்ரேக்கு ஆபரேஷன் செய்வதில்லை, குழந்தைக்குத்தான் செய்கிறோம் என்பார் அவர். மூக்குக்கு மருந்து கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அந்தத் தாளுக்கு அது மிகச் சரியான வைத்தியம். குழந்தைக்கு இல்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, சோமனூரில் ஏதோ எஸ்.டி.டி. பூத்திலிருந்து சுகந்தியின் அம்மா போன் செய்தார். மூச்சு வாங்கப் பேசியதில் பாதி புரியவில்லை. திங்கட்கிழமை முதல் ஆளாக வரச் சொன்னேன். குழந்தையோடு அவர் மட்டும் வந்தார்.

சனிக்கிழமை அவர்கள் பகுதியில் மின்சார வாரியத்தின் பராமரிப்பு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. ஊர் முழுக்கத் தறி நின்றுவிட்டது. அப்பா துணியைக் கொடுத்துவரப் போயிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு, குடோனில் மடித்துப் போட்டிருந்த துணி மேல் சுகந்தி படுத்துத் தூங்கிவிட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த இழைகளை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கோ மரம் அறுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு அந்தச் சத்தம் நின்றது. அது நின்ற இடம் தன் பக்கத்தில் என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

"மூச்சு நின்னு போச்சுங்க மேடம். நான் பேரைச் சொல்லி உலுக்கறதுக்குள்ள அதுவா ஒரு இழுப்பு இழுத்துச்சு. சரின்னு பாத்தா மறுக்கா நின்னுது."

போன தடவை குறட்டை இல்லை என்றீர்களே என்று கேட்டேன். குற்றம் சொல்லும் குரலில் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அம்மா என்னைச் சற்று வியப்பாகப் பார்த்தார்.

"எங்க ஊட்டுல தறி நிக்கறதே இல்லீங்க. ராவும் பகலும் ஓடும். செவுத்துக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் தறி. இது குறட்டை உட்டா எனக்கு எப்படிங்க கேக்கும்? கேக்கலைன்னா இல்லைன்னுதானுங்களே சொல்லுவோம்."

அப்போதே இன்னொன்று நடந்தது. சுகந்தி எனக்குப் பின்னால் கதவருகே நின்று திரையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள் போல. அம்மா என் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்து வாயை அசைத்தார். சத்தமே வரவில்லை. குழந்தை திரையை விட்டுவிட்டு வந்து, கீழே இருந்த பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள்.

இப்போது என்ன சொன்னீர்கள் என்றேன்.

"தெரைய உடு, தண்ணி குடின்னேனுங்க. குடோனுக்குள்ள கத்திப் பேசினா தொண்டை போயிருமுங்க. வாயசைச்சாப் போதும். எங்க பக்கம் எல்லாருமே அப்படித்தான். இது நடக்கப் பழகறதுக்கு முந்தியே அதைப் பழகிப்போட்டுது."

எட்டுத் தறிகளுக்கு நடுவே கூப்பிட்டால் திரும்பும் குழந்தை. அவள் எதையும் கேட்டுத் திரும்பவில்லை. ஒரு கண் எப்போதும் அம்மா அப்பாவின் முகத்தில் இருந்தது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசும்போது அந்த முகம் இல்லை.

அவளை மறுபடி சிற்றறைக்குள் உட்கார வைத்தேன். அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே மணிகள். இந்தத் தடவை ஒலியைக் கொடுக்கவில்லை. பொத்தானில் விரல் வைத்து, அழுத்தாமல், எப்போதும் போல அவளைப் பார்த்துப் புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தினேன். அப்படி ஒரு பழக்கம் எனக்கு இருப்பதே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

கிண்ணத்தில் மணி விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மெல்லிய ஒலிகளுக்கு ஒரு மணியும் விழவில்லை. சாதாரணமாகப் பேசும் அளவுக்கு ஒலியைக் கூட்டியபோது ஒன்றிரண்டு விழுந்தன. தட்டையாக ஓடிய கருவி முதல் நாளே உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். புருவத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப நான் எந்தத் தாளை நம்பறது, அம்மணி?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை. முதல் தாள் தவறு என்பது மட்டும் உறுதி. காதில் நீர் என்றால் இன்னும் சில வாரம் பொறுக்கலாம், அதுவாகவே வடிந்துவிடுவது உண்டு. மூச்சு நிற்பது என்றால் பொறுக்கக் கூடாது. ஆனால் மூச்சு நின்றதற்குச் சாட்சி ஒரு மதியத் தூக்கம், அதுவும் பயந்துபோன ஒரு தாயின் கணக்கு. அன்று சளி இருந்ததா? மல்லாந்து படுத்திருந்தாளா? ஒரு நாள் மட்டும் அப்படியா, தினமும் அப்படியா? தினமும் எப்படி என்று அந்த வீட்டில் யாருக்குமே தெரிய வழியில்லை.

மறுநாள் அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார். வந்தார். அவருக்கு ஆபரேஷனில் சம்மதமே இல்லை. மயக்க மருந்து என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, போன தடவை வேண்டாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. இப்ப வேணுங்கறீங்க. கரண்ட் போன அன்னைக்கு ஒரு மத்தியானம் தூங்குனதை வெச்சு ஆறு வயசுப் புள்ளைக்கு மயக்க மருந்து குடுக்கலாமுங்களா? நீங்களே சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பேசச் சொல்லவில்லை, பார்த்தார். நான் எழுந்து நின்று, போன தடவை வேண்டாம் என்று சொன்னது டாக்டர் இல்லை, என் தாள் என்றேன். அதில் இரண்டு இடத்தில் தவறு. ஒன்று நான் சரியாகக் கேட்காதது, மற்றொன்று சரியாகச் சோதிக்காதது. அப்பா குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தப்பாக எழுதினேன் என்று இன்று சொல்கிறவள் இன்று எழுதுவது மட்டும் எப்படிச் சரி என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நியாயமான சந்தேகம். எனக்கே அது இருந்தது.

அப்போது எதற்காகவோ பரிசோதனை அறைப் பக்கம் திரும்பினேன். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வாசலில் ஆட்டோவும் ஸ்கூட்டரும் எவ்வளவு இரைந்தாலும் உள்ளே வராத இடம் ஒன்று எங்களிடம் இருந்தது. குழந்தையோ எங்கே உட்கார்ந்தாலும் தூங்கி விழுகிறவள். சாப்பிட்டுவிட்டு மதியம் வாருங்கள், அவள் இங்கேயே தூங்கட்டும், நீங்களே கேளுங்கள் என்றேன். டாக்டர் சரி என்றார்.

இரண்டு மணிக்கு நாற்காலியை வெளியே எடுத்துவிட்டு ஒரு மெத்தையை விரித்தோம். சுகந்தி படுத்த பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். அப்பா அவள் காலருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார். டாக்டர் தலைமாட்டில், அம்மா வெளியே பெஞ்சில். நான் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்த அமைதி அப்பாவுக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை காதைத் தேய்த்துக்கொண்டார்.

முதலில் சாதாரண மூச்சு. பிறகு அம்மா சொன்ன மரம் அறுக்கும் சத்தம். இவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம். அப்பா சங்கடமாகச் சிரித்தார், பெரியவங்க கணக்கா விடுது பாருங்க என்பது போல.

சத்தம் நின்றது.

நெஞ்சு ஏறி இறங்குகிறது, தொண்டைக்குழி உள்ளே இழுபடுகிறது, காற்று மட்டும் போகவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டார். யோசித்து எழவில்லை. சட்டென்று எழுந்து, கை முன்னால் நீண்டு, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"நின்னு போச்சுங்க," என்றார்.

குழந்தை ஒரு பெரிய இழுப்பு இழுத்துப் புரண்டு படுத்தாள். மரம் அறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. டாக்டர் அவரை உட்காரச் சொன்னார். இன்னும் கேட்க வேண்டும், ஒரு தடவை போதாது என்றார். முக்கால் மணி நேரம் இருந்தோம். எத்தனை தடவை நின்றது என்று எண்ணி எழுதினேன். அந்த எண்ணை இங்கே எழுதவில்லை, நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற குழந்தைகளை அளப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்தார்.

வெளியே வந்த பிறகு என்னிடம்தான் சொன்னார். "எட்டுத் தறியில ஒண்ணு நின்னாலும் தூக்கத்துல எனக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. எந்திரிச்சு ஓடிப்போயி இழையைக் கட்டிப்போட்டுத்தான் வந்து படுப்பேன். பக்கத்துல படுத்திருக்கறது நின்னு நின்னு போயிருக்குது. இது தெரியலீங்களே." பிறகு, "எப்பங்க செய்யறது?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் டாக்டர் அந்தச் சதையை எடுத்தார். அதே மயக்கத்தில் இரண்டு செவிப்பறையிலும் சிறு துளையிட்டு, பசை போல இருந்த நீரையும் எடுத்தார்.

இதைப் படித்துவிட்டு, மூக்குச் சதை என்று வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆபரேஷன் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அதே மாதம் இந்தத் தெருவிலிருந்தே ஒரு பையன் வந்தான். அவன் எக்ஸ்ரேயில் சதை சுகந்திக்கு இருந்ததை விடப் பெரிது. குறட்டையும் உண்டு. எடுத்துவிடுங்கள் என்று அவன் அம்மா டாக்டரைக் கெஞ்சினார். மூச்சு நிற்பதில்லை, செவிப்பறை நன்றாக அசைகிறது, வயதுக்கேற்ற எடை, தூசு பட்டால் தும்மல். மூக்குக்கு மருந்து கொடுத்துவிட்டு, காத்திருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டு குழந்தைகள், கிட்டத்தட்ட ஒரே எக்ஸ்ரே, இரண்டு பதில்கள். எந்த இடத்தில் கோடு என்று இன்றைக்கும் என்னால் ஒரு தாளில் எழுத முடியவில்லை. மூச்சு நிற்கிறதா, காது மாதக்கணக்கில் அடைத்திருக்கிறதா, திரும்பத் திரும்பக் காதோ மூக்கோ சீழ் பிடிக்கிறதா, வளர்ச்சி நின்றிருக்கிறதா என்று கேட்கிறோம். பதில் சொல்கிறவர் எதைக் கேட்க முடிகிற இடத்தில் இருக்கிறார் என்று நம்மால் முழுதாக அறிய முடிவதில்லை. அதனால்தான் சத்தம் பற்றிய அந்த நான்காவது கேள்வி. அது போதுமா என்றால், தெரியாது.

இரண்டு மாதம் கழித்துச் சுகந்தியை அழைத்து வந்தார்கள். கன்னம் கொஞ்சம் வைத்திருந்தது. வாய் மூடியிருந்தது. ஐந்தாவதான குறட்டைக் கேள்வியைக் கேட்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா சிரித்தார். "தறி ஓடிட்டேதானுங்க இருக்குது. அவங்கப்பா நடுவுல எந்திரிச்சு நெஞ்சு மேல கைய வெச்சுப் பாக்கறாருங்க. நிக்கறதில்லைங்கறாரு."

சிற்றறையில் நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. சுகந்தி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் பொத்தானில் விரல் வைத்தேன். இன்னும் அழுத்தவில்லை. மணி ஒன்று கிண்ணத்தில் விழுந்தது.

விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தேன். காத்திருந்தேன். ஒலி இல்லாமலே இன்னொரு மணி விழுந்தது. உள்ளே போய், கண்ணு, சத்தம் கேட்டால்தான் போட வேண்டும் என்றேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மேலே காட்டினாள். "கேக்குதுங்களே அக்கா. இங்க என்னமோ ஓடுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளியே வந்து அதன் சுவிட்சை அணைத்தேன். இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது.

"இப்ப நின்னுருச்சுங்க."

மறுபடி போட்டேன். ஓடுது என்றாள். நாற்காலியை இழுத்து, அதன் மேல் ஏறி, விளக்கின் சட்டத்தில் காதை வைத்த பிறகுதான் அந்த மெல்லிய இரைச்சல் எனக்குக் கேட்டது. அந்த அறையில் நான் மூன்று வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன்.